கூண்டையே காலி செய்யும் 'வெள்ளைக்கழிச்சல்'!
கொல்லைப்புறத்தில் கோழி வளர்ப்போர் உஷார்

ராத்திரி நல்லபடியாகத்தான் அடைந்தன. விடிந்து கூண்டைத் திறந்தால் ஒரு கோழி செத்துக் கிடக்கிறது. இன்னொன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கிறது. மறுநாள் அதுவும் போச்சு. வாரம் முடிவதற்குள் பத்துக் கோழியும் காலி!

வியாசர்பாடி சந்து பொந்தானாலும் சரி, ஆவடி, தாம்பரம் பக்கம் தோட்டத்தோடு இருக்கும் வீடானாலும் சரி, கோழி வளர்க்கும் குடும்பங்களுக்கு இந்தக் கதை புதிது அல்ல.

பக்கத்து வீட்டுக்காரன் விஷம் வைத்துவிட்டான் என்று சண்டைக்குக் கிளம்புபவர்கள் உண்டு. கண் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைப்பவர்களும் உண்டு.

ஆனால் இப்படி வரிசையாகச் செத்து விழுந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆசாமி வேறு. அதன் பெயர் வெள்ளைக்கழிச்சல்!

யார் இந்த ஆசாமி?

இது வைரஸ் கிருமியால் வரும் நோய். 1926-ல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் தலைகாட்டியது. அடுத்த ஓரிரு வருடத்தில் இமயமலைப் பக்கம் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் கால்நடை டாக்டர்கள் இதை 'ராணிக்கெட் நோய்' என்கிறார்கள்.

அடையாளம் என்ன? கோழி இரை எடுக்காது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி வழியும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். கால், இறக்கை விழுந்துவிடும்.

வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. தடுப்பு மருந்து போடாத கூண்டில் புகுந்தால் பத்துக்கு எட்டு, ஒன்பது போவது சகஜம். பத்தும் போவதும் உண்டு.

ஒரு சொட்டு, ஒரு ஊசி!

வந்தபின் மருந்து இல்லையே தவிர, வராமல் தடுக்க வழி இருக்கிறது.

குஞ்சு பொரித்த 7-வது நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 8-வது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. அதற்கப்புறம் டாக்டர் சொல்லுகிற கணக்குப்படி மறுபடியும் போட வேண்டும்.

இதற்காக கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. வெயில் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. முகாமைத் தவற விட்டவர்கள் பக்கத்திலுள்ள மாட்டாஸ்பத்திரியில் விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை! இந்த மருந்து ஐஸிலேயே இருக்க வேண்டும். கரைத்துவிட்டால் 2 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். சட்டைப் பையில் வைத்து வெயிலில் கொண்டுவந்தால் அது வெறும் தண்ணீர்தான். சீக்கு வந்த கோழிக்கு ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லை.

சந்தையிலிருந்து வரும் வினை

சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடுவதுதான் பலர் செய்யும் தப்பு. புதுக் கோழியை 2 அல்லது 3 வாரம் தனியாகக் கட்டிப்போட வேண்டும். அதற்குத் தனித் தீனிச்சட்டி, தனித் தண்ணீர். கிருமி செருப்பிலும், வாளியிலும், கையிலும்கூட வரும்.

இதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. ஒரு கோழி செத்ததும் 'வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்' என்று மிச்சத்தை விற்பது! தெருவுக்குத் தெரு நோய் பரவுவது இப்படித்தான். செத்த கோழியைக் கால்வாயில் வீசுவதும் அதே கதைதான்.

ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். செத்த கோழியைச் சமைத்துச் சாப்பிடவே கூடாது.

கோழிகள் கூட்டமாகச் செத்தால் உடனே கால்நடை டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். 2006-ல் மராட்டிய மாநிலம் நவாபூரில் பறவைக் காய்ச்சல் பரவியபோது லட்சக்கணக்கான கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று.

பழைய சோறு மட்டும் போதுமா?

போதாது. சோற்றையே தின்றால் கோழி கொழுக்கும், முட்டை வராது.

வளர்ந்த கோழிக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 100 கிராம் தீனி வேண்டும். வெளியே மேய்கிற கோழி பாதியைத் தானே கிளறித் தேடிக்கொள்ளும். மீதிக்கு சாயங்காலம் ஒரு கைப்பிடி போட்டால் சரியாகிவிடும். கம்பு, சோளம், குருணை, தவிடு, கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு கலந்து கொடுக்கலாம். கீரைத் தண்டை நறுக்கிப் போடலாம்.

முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சலை நொறுக்கி வைக்க வேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தொடவே கூடாது. அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. உப்புக் கரிக்கும் ஓட்டல் மிச்சமும் ஆகாது.

தண்ணீர்தான் முக்கியம். கோழி ஒன்றுக்கு கால் லிட்டர். கோடையில் அதைப்போல இரண்டு மடங்கு. மண் சட்டியில் ஊற்றி நிழலில் வைத்து, தினமும் கழுவ வேண்டும். சட்டி காய்ந்தால் கோழி சாக்கடைக்குத்தான் போகும்!

சாயங்காலத் தீனிக்கு இன்னொரு லாபமும் உண்டு. 'பா... பா...' என்று கூப்பிட்டதும் எல்லாம் ஓடிவரும். எண்ணிக்கை குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். எது தள்ளாடுகிறது என்பதும் தெரியும்.

கூண்டுக்கு இரண்டு கொக்கி

ராத்திரித் திருடர்களில் இரண்டு கால்காரர்களைவிட நாலு கால்காரர்களே அதிகம். கீரி, பெருச்சாளி, பூனை மூன்றுக்கும் சிறு சந்து போதும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடித்து, கதவுக்கு இரண்டு கொக்கி போட வேண்டும். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கூண்டு இருந்தால் ஈரமும் ஏறாது. கோழிக்கு ஒன்றரை சதுர அடி இடம் வேண்டும்.

எச்சத்தை தினமும் அள்ளிச் செடிக்குப் போட்டால் நாற்றம் வராது. பக்கத்து வீட்டுச் சண்டையும் வராது. மூலையில் சாம்பலும் மணலும் கலந்து வைத்தால் கோழி அதில் புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் பல்பு வெளிச்சச் சூடு 35 டிகிரி வேண்டும். பல்புக்கு அடியில் முட்டி மோதினால் குளிருகிறது என்று அர்த்தம். விலகி ஓடினால் சூடு அதிகம்.

கணக்குப் பார்த்தால்...

நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். பத்துக் கோழி என்றால் 600 முட்டைக்குக் குறையாது. பல வீடுகளில் பெண்களின் கைச்செலவுக்கும், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் இந்தக் காசுதான் உதவுகிறது.

அந்தக் காசு ஒரே வாரத்தில் குழிக்குள் போகாமல் இருக்க மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். சந்தேகம் இருந்தால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.