மந்திரிப்பதில் போன எட்டு மாதம்

என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. குளிக்க மாட்டான். ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் நடப்பான். தானே பேசிச் சிரிப்பான். "அக்கா, எதிர்வீட்டுல என்னைப் பத்தியே பேசறாங்க, சோத்துல ஏதோ கலக்கறாங்க" என்று தட்டைத் தள்ளிவிடுவான். "காத்து கருப்பு" என்றாள் அம்மா. தாயத்து, மந்திரிப்பு என்று எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஏர்வாடியில் விட்டுவிடலாம் என்று உறவினர் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. 2001 ஆகஸ்ட் 6ல் அங்கே காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்களே! பலரைச் சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓடக்கூட முடியவில்லை.

மறுநாளே செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். "இது மனச்சிதைவு நோய். பெரும்பாலும் இளவயதில்தான் தொடங்கும். இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், கோர்வையில்லாத பேச்சு, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவது... இதெல்லாம் தெரிந்தால் நாள் கடத்தாதீங்க" என்றார் டாக்டர்.

மாத்திரையில் குரல்கள் மெல்ல அடங்கின. 'சரியாகிவிட்டதே' என்று நாங்களாக நிறுத்தினோம், திரும்ப வந்துவிட்டது. இப்போது டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடுவதில்லை. குரோம்பேட்டையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறான்.

சகோதரிகளே, அவர்கள் சொல்வதைப் 'பொய்' என்று சண்டை போடாதீர்கள். அவர்களுக்கு அந்த பயம் நிஜம். பொறுமையாகக் கேட்டு, டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கும். நாங்கள் இழந்த எட்டு மாதத்தை நீங்களும் இழக்க வேண்டாம்.

— ஒரு வாசகி, மேற்கு தாம்பரம்.