பெற்றவள் மேல் விழுந்த பழி



ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மாரில் அநேகர், "நான் என்ன தவறு செய்தேன்?" என்று கலங்குகிறார்கள். அக்கம்பக்கத்தார் பேச்சு ஒருபுறமிருக்க, மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இப்பழியைச் சுமத்தியது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

'ஆட்டிசம்' என்ற சொல் முதலில் பிள்ளைகளுக்காக உண்டானதல்ல. 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து சுவிட்சர்லாந்து மருத்துவர் யூஜின் பிளாய்லர் அதை அமைத்தார். ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோயில் நோயாளி தனக்குள் முடங்கிப்போவதை அவர் அப்படிக் குறித்தார். இந்த இரவல் பெயரால் பின்னாளில் விளைந்த குழப்பம் கொஞ்சமல்ல.

1925-ல் மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி நுட்பமாக எழுதினார். வெகுகாலம் அதைக் கவனித்தவர் சிலரே. 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே பேர்பெற்றது. அதில் முதலாவது பிள்ளை மிசிசிப்பி மாநிலத்து டொனால்ட் டிரிப்லெட். வைத்தியர்களின் யோசனைப்படி அவனை மூன்று வயதில் வீட்டைவிட்டுப் பிரித்து ஒரு விடுதியில் வைத்திருந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் பெற்றோரே போய் அழைத்து வந்தார்கள். அவன் தகப்பனார் கானருக்கு எழுதிய கடிதம் 33 பக்கம். அன்பில்லாத தகப்பன் எழுதுகிற கடிதமா அது!

இக்குறை பிறவியிலேயே உள்ளது என்றுதான் கானர் கட்டுரையை முடித்தார். ஆகிலும் பெற்றோர் பலர் உணர்ச்சி குறைந்தவர்கள் என்றும் எழுதிவைத்தார். 1949-ல் இன்னும் கடுமையாக, உறைந்த குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்ட பிள்ளைகள் என்றே வர்ணித்தார். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற பட்டம் பரவியது. 1967-ல் சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் இதே கருத்தை நூலாக எழுதி நிலைநிறுத்தினார். 1968-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில்கூட ஆட்டிசத்துக்குத் தனி இடமில்லை. பிள்ளைப்பருவ மனச்சிதைவு என்ற தலைப்பிலேயே அது அடங்கிக் கிடந்தது.

பழியை முதலில் எதிர்த்தவர்களில் ஒருவர், தாமே அப்படிப்பட்ட மகனுக்குத் தகப்பனான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவருடைய நூல் 1964-ல் வந்தது. 1969-ல் கானரே பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஒரே தாய், ஒரே வளர்ப்பு. ஆகவே காரணம் வளர்ப்பில் அல்ல, பிறவியமைப்பில் தேடப்படவேண்டும் என்று தெளிவாயிற்று. 1980-ல் கையேடு ஆட்டிசத்தை மனச்சிதைவினின்று பிரித்தது. 2013-ல் அதன் பல வகைகளையும் ஒரே பெயரின்கீழ்ச் சேர்த்தது.

டொனால்ட் கல்லூரிப் படிப்பை முடித்து, வங்கியில் வேலை பார்த்து, காரும் ஓட்டி, 2023-ல் 89 வயதில் மரித்தார்.

பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறதா என்பவையே இன்று தாயிடம் கேட்கவேண்டிய கேள்விகள். ஒன்றரை வயதில் இவை காணப்படாவிட்டால், 'போகப்போகச் சரியாகும்' என்று காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் காட்டும்படி உங்கள் சபையிலுள்ள இளந்தாய்மாருக்குச் சொல்லுங்கள்.