மருந்து முடிந்த பிறகும் தொடர வேண்டிய பரிசோதனை

எம்.எஸ். சிகிச்சையும் தைராய்டு சுரப்பியும்

சில மாதங்களுக்கு முன், முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் தம் கணவருடன் எங்கள் நரம்பியல் பிரிவுக்கு வந்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய்க்காக அலெம்டுசுமாப் மருந்தின் இரண்டு சுற்றுகளையும் முடித்து ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. கைகள் நடுங்கின, உறக்கம் இல்லை, மின்விசிறியின் கீழ் அமர்ந்தும் வியர்த்தது, உடல் எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. பிற்பகலானால் கால்கள் தளர்ந்து நடை தடுமாறியது. “பழைய நோய் திரும்பிவிட்டது டாக்டர், அவ்வளவு மருந்தும் வீண்தானா?” என்று கணவர் கலங்கினார்.

ஸ்கேனில் புதிய பாதிப்பு எதுவும் இல்லை. விடை இரத்தப் பரிசோதனையில் கிடைத்தது. அவருடைய தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி இயங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை செய்ய வேண்டிய பரிசோதனையை, உடல் நன்றாக இருந்ததால், அவர் ஏறத்தாழ ஓராண்டாகச் செய்துகொள்ளவில்லை.

அவர்மீது நாங்கள் குறை காணவில்லை. மருந்து முடிந்தால் சிகிச்சையும் முடிந்தது என்று எண்ணுவது இயல்பே. அப்படியல்ல என்பதை நாங்கள்தாம் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். அதை இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

மருந்துக்கும் தைராய்டுக்கும் என்ன தொடர்பு?

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டு, உடலின் இயக்க வேகத்தைத் தீர்மானிக்கும் சுரப்பி. எம்.எஸ். என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்த நரம்புறைகளையே தாக்குவதால் வருவது. அலெம்டுசுமாப், அத்தாக்குதலை நடத்தும் வெள்ளணுக்களை இரத்தத்திலிருந்து பெருமளவு நீக்கிவிடுகிறது. முதல் சுற்றில் ஐந்து நாட்களும், ஓராண்டுக்குப் பின் இரண்டாம் சுற்றில் மூன்று நாட்களும் இது நரம்பு வழியே செலுத்தப்படுகிறது.

நீக்கப்பட்ட அணுக்கள் மீண்டும் உருவாகும்போது எல்லா வகையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்கள் விரைந்து திரும்புகின்றன. அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் அணுக்கள் மெதுவாகவே வருகின்றன. அந்த இடைவெளியில் சிலருக்கு எதிர்ப்பு மண்டலம் தைராய்டைக் குறிவைக்கத் தொடங்குகிறது.

கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இம்மருந்து பெற்ற எம்.எஸ். நோயாளர்கள் 27 பேரில் 9 பேருக்குத் தைராய்டு மிகைச் சுரப்பு ஏற்பட்டிருந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலானோருக்கோ ஏதேனும் ஒரு தைராய்டுக் கோளாறு காணப்பட்டது. சிகிச்சை தொடங்கிய மூன்றாம் ஆண்டில்தான் இது மிகுதியாகத் தலைகாட்டுகிறது. நோயாளர் மருத்துவமனையை ஏறக்குறைய மறந்துவிடும் காலமும் அதுவே.

இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி பெறுவோருக்கும் தைராய்டு பாதிக்கப்படலாம். பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள், அதிலும் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏற்கெனவே இரத்தத்தில் உள்ளவர்களுக்கு இது வருகிறது. பலருக்கு லேசாக வந்து தானே சரியாகிவிடும். இதற்காக ஊசியை நிறுத்த நேர்வது அரிது.

ஏன் தவறவிடுகிறோம்?

தைராய்டுக் கோளாறின் அறிகுறிகள் எம்.எஸ். அறிகுறிகளைப் போலவே இருப்பதுதான் காரணம்.

சுரப்பு குறைந்தால் களைப்பு, மறதி, மனச்சோர்வு, மலச்சிக்கல், கைவிரல்களில் மரமரப்பு ஆகியவை தோன்றும். இவை அனைத்தும் எம்.எஸ்.இலும் உண்டு. சுரப்பு மிகுந்தால் நடுக்கம், தசைத் தளர்ச்சி, படபடப்பு, எரிச்சல் ஆகியவை வரும். உடற்சூடு ஏறும்போது எம்.எஸ். பாதித்த நரம்புகளின் செயல்திறன் தற்காலிகமாகக் குறையும். எனவே மிகைச் சுரப்பின் வெப்பமே பழைய அறிகுறிகளை மீண்டும் எழுப்பக்கூடும். மேலே சொன்ன பெண்ணுக்கு நேர்ந்தது இதுவே. தைராய்டு கண்களைப் பாதித்தால் இரட்டைப் பார்வையும் வரலாம்; அதையும் எம்.எஸ். என்றே பலர் கருதிவிடுகின்றனர்.

ஆகவே, “எல்லாம் அந்த நோயால்தான்” என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டாம்.

எப்போது, என்ன பரிசோதனை?

அலெம்டுசுமாப் பெறுவோர் மருந்து தொடங்கும் முன்பும், அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கடைசிச் சுற்று முடிந்த நாளிலிருந்து 48 மாதங்கள் வரை இது தொடர வேண்டும். தட்டணுக்கள், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான மாதாந்தரப் பரிசோதனைகளும் அதே காலம் வரை உண்டு. அவற்றையும் விட்டுவிடக் கூடாது. அறிகுறி தோன்றினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வாருங்கள்.

இரத்தம் கொடுக்கும் முன் இரண்டு செய்திகளை எங்களிடம் சொல்லுங்கள். ஒன்று, பயோட்டின். முடி, நகம் ஆகியவற்றுக்கென விற்கப்படும் மாத்திரைகளில் இது இருக்கும், எம்.எஸ். நோயாளர் சிலர் அதிக அளவிலும் உட்கொள்கின்றனர். சில ஆய்வக முறைகளில், தைராய்டு நன்றாக இருக்கும்போதே மிகைச் சுரப்பு இருப்பதாகப் பயோட்டின் பொய்யான முடிவைக் காட்டிவிடும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதைக் கேட்டறியுங்கள். மற்றொன்று, அண்மையில் பெற்ற ஸ்டீராய்டு ஊசி. அது டி.எஸ்.எச். அளவைத் தற்காலிகமாகக் குறைத்துக் காட்டும்.

கண்டறிந்தால் என்ன செய்வோம்?

அஞ்ச வேண்டியதில்லை. தைராய்டுக் கோளாறுகளுக்கு நல்ல சிகிச்சை உண்டு. எம்.எஸ். மருந்து தந்த பயன் இதனால் வீணாவதுமில்லை.

சுரப்பு குறைவாயின் லெவோதைராக்சின் மாத்திரை தருவோம். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியோ உணவோ கொள்ள வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை.

சுரப்பு மிகுந்திருந்தால் பெரும்பாலும் கார்பிமசோல் மாத்திரையில் தொடங்குவோம். அதை உட்கொள்ளும் காலத்தில் காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால், அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தாக வேண்டும். அரிதாக இம்மாத்திரை வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். சிலருக்குக் கதிரியக்க அயோடினோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்படலாம்.

கருவுற விரும்புவோர் முன்கூட்டியே எங்களிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். தாயின் இரத்தத்திலுள்ள தைராய்டு எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சென்றடையலாம். தாயின் சுரப்பு சீராக இருப்பது கருவின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. லெவோதைராக்சினைக் கர்ப்ப காலத்தில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மிகைச் சுரப்புக்கான மாத்திரைகளைக் கருவுறும் முன்பே மாற்றி அமைக்க நேரலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்

மாற்றத்தை முதலில் காண்பவர் நீங்கள்தாம். நோயாளர் காரணமின்றி மெலிவதையோ பருப்பதையோ, புதிதாக எரிந்து விழுவதையோ, எந்நேரமும் சோர்ந்து படுத்திருப்பதையோ கண்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள். வீட்டு நாட்காட்டியில் மூன்று மாதத்திற்கு ஒரு தேதியை வட்டமிட்டு வையுங்கள். கடைசிச் சுற்று முடிந்த தேதியையும் மருத்துவக் கோப்பின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். வேறு மருத்துவரிடம் செல்லும்போது அது பெரிதும் உதவும்.

அப்பெண் இப்போது மாத்திரையில் நலமாக இருக்கிறார். நடுக்கம் நின்றது, நடையும் பழையபடி திரும்பியது. சென்ற முறை வந்தபோது, அடுத்த பரிசோதனைத் தேதியை நாங்கள் சொல்லும் முன்பே அவருடைய கணவர் சொல்லிவிட்டார்.