வகுப்புக்குப் போகாமல் இருந்தால் விலகியதாக ஆகாது

"டீச்சர், நான் படிக்கப் போறத நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. கட்டுன காசு திரும்பக் கிடைக்குமா?"

பழைய மாணவர் ஒருவர் கேட்டார். "விலகுறேன்னு எழுதிக் கொடுத்தியா?" என்றேன். "இல்ல டீச்சர், வகுப்புல சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார். பிறகு கடிதம் கொடுத்தபோது ஒப்பந்தத்தில் குறித்த நாள் தாண்டிவிட்டது. அம்மா ஓவர்டைம் செய்து சேர்த்த பணம். ஒரு வெள்ளிகூடத் திரும்பவில்லை.

தேர்வு முடிந்ததும் நம் மாணவர்கள் பலர் தனியார் கல்வி நிலையங்களில் பட்டயம், பட்டப்படிப்பு என்று சேர்கிறார்கள். சிங்கப்பூரில் எடுட்ரஸ்ட் சான்றிதழ் பெற்ற நிலையங்கள் மாணவருடன் ஒரு பொது ஒப்பந்தம் செய்ய வேண்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். பணம் திரும்பக் கிடைக்குமா என்பதற்கான பதில் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

மூன்று நிலைகள்

1. மறுயோசனைக் காலம்: இரு தரப்பும் கையெழுத்திட்ட பின் 7 வேலை நாட்கள். அதற்குள் எழுத்துமூலம் விலகினால், பாடம் தொடங்கியிருந்தாலும் அட்டவணையில் உள்ள ஆக உயர்ந்த விழுக்காடு திரும்பக் கிடைக்கும். கவனியுங்கள்: 'ஆக உயர்ந்த' என்றால் 'முழுவதும்' என்று பொருளல்ல.

2. சொந்தக் காரணம்: அதற்குப் பிறகு விலகினால், பாடம் தொடங்கும் நாளுக்கு எத்தனை நாள் முன்போ பின்போ கடிதம் கிடைத்தது என்று பார்ப்பார்கள். நாள் தள்ளத் தள்ளத் தொகை குறையும்.

3. நிலையத்தின் காரணம்: சொன்ன நாளில் பாடம் தொடங்காவிட்டால், அல்லது பாதியில் நின்றுவிட்டால், விலகும் மாணவருக்குக் கட்டிய பாடக் கட்டணமும் இதர கட்டணங்களும் முழுமையாகத் திரும்ப வேண்டும்.

என்யுஎஸ், என்டியு போன்ற பல்கலைக்கழகங்களுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது. அவற்றுக்குத் தனி விதிகள், தனிக் கெடுநாட்கள் உண்டு.

மேல்முறையீடு

மறுத்துவிட்டால் முதலில் அந்த நிலையத்துக்கே மேல்முறையீட்டுக் கடிதம் எழுத வேண்டும். அங்கே தீராவிட்டால் சமரசப் பேச்சு, அதன்பின் நடுவர் தீர்ப்பு என்ற வழி உண்டு. கடிதத்தில் "ரொம்பக் கஷ்டம், உதவி செய்யுங்க" என்று மட்டும் எழுதினால் போதாது. கையெழுத்திட்ட நாள், விலகல் கடிதம் கொடுத்த நாள், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, கேட்கும் தொகை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ரசீது, மருத்துவச் சான்று இருந்தால் நகலை இணைக்க வேண்டும். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது. அனுப்பிய நாளுக்கு அதுவே சாட்சி.

வகுப்பில் பயன்படுத்த

ஆசிரியர்களே, அலுவல் கடிதம் கற்பிக்கும்போது இதையே சூழலாகக் கொடுக்கலாம்:

மாணவர் ஒருவர் 6,000 வெள்ளி கட்டியிருக்கிறார். அட்டவணையில் ஆக உயர்ந்த விழுக்காடு 90. கையெழுத்திட்ட நான்காவது வேலை நாளில் விலகல் கடிதம் கொடுத்தார். நிலையம் 3,000 வெள்ளிதான் தந்தது. மாணவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு? மேல்முறையீட்டுக் கடிதம் எழுதுக.

(விடை: 5,400 வெள்ளி. இன்னும் 2,400 வெள்ளி வர வேண்டும்.)

மாணவர்களே, கையெழுத்துப் போடுமுன் அந்த அட்டவணையை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். புரியாத வரி இருந்தால் எங்களிடம் கொண்டு வாங்க. கருத்தறிதல் பயிற்சி மதிப்பெண்ணுக்கு மட்டும் இல்லை.