உயர்சாதிப் பெட்டை நாயும் அதன் குட்டிகளும்

வயலிலும் தோட்டத்திலும் தொழில் புரியும் கமக்காரருக்கு நாய் புதிய பிராணி அன்று. வெங்காயத் தறையோரத்தில் இராக்காலத்திற் படுத்திருந்து பன்றியையும் கட்டாக்காலி மாட்டையும் விரட்டுவதும், படலையடியில் நின்று அயலார் வருகையை அறிவிப்பதும் அதுவே. ஆயினும் ஊர் நாயோடு அமையாது, அல்சேசன், லப்றடோர், டொபர்மன் முதலிய உயர்சாதி நாய்களை விலைகொடுத்து வாங்கி வளர்ப்போர் கிராமங்களிலும் உளர். அவர்களுட் சிலர் குட்டிகளை விற்று மேலதிக வருவாய் தேடும் நோக்கத்துடன் பெட்டை நாயையே விரும்பி வாங்குகின்றனர். இந்நோக்கம் குற்றமுடையதன்று. ஆனால் பெட்டை நாயை வாங்குவது எளிது. ஓர் ஈற்றுக் குட்டிகளை எட்டுக் கிழமை வரை உயிருடன் காப்பாற்றுவது எளிதன்று. தொடங்குமுன் அறியவேண்டியவை சில உள.

வமிசாவளிப் பத்திரம்

உயர்சாதி நாய்க்கு வமிசாவளிப் பத்திரம் உண்டு. தாய், தந்தை, பாட்டன், பூட்டன் எனப் பல தலைமுறைகளின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். நாய்களின் மரபைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிற் பரவியது. இங்கிலாந்தில் இதற்கெனக் கென்னல் கிளப் என்னும் சங்கம் 1873ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இன்று அல்சேசன் என நாம் வழங்கும் சாதி, யேர்மனியில் ஆட்டுமந்தை காத்த நாய்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டதாகும். மக்ஸ் வொன் ஸ்ரெபானிற்சு என்பவர் 1899ஆம் ஆண்டில் ஒரு மந்தை நாயை வாங்கி, ஹொறண்ட் எனப் பெயரிட்டு, அதனையே அச்சாதியின் பதிவேட்டில் முதலாவதாகப் பதிந்தார். அவர் நாடியது அழகை அன்று. நாள் முழுதும் களையாது ஓடவும், சொற்கேட்டு நடக்கவும் வல்ல உடலையும் குணத்தையுமே. இன்று குட்டி வாங்குவோர் இதனை மறந்து காதையும் நிறத்தையும் மட்டும் பார்ப்பது வருந்தத்தக்கது.

பத்திரம் எதனைக் கூறும், எதனைக் கூறாது என்பதைக் கமக்காரர் விதை நெல்லைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்று மணி பிடிப்பது. ஆதலின் கலப்பற்ற விதையை விதைத்தால் அதே நெல்லே விளையும். தலைமுறை தோறும் தன்னுள் தானே கருக்கொள்வதால் நெல்லுக்குத் தீங்கில்லை. நாயின் நிலை அத்தகையதன்று. ஒவ்வொரு நாயும் தன்னிடம் வெளிப்படாத குறைகள் சிலவற்றை உள்ளே சுமந்து நிற்கும். தந்தையை மகளோடும் உடன்பிறந்தவற்றைத் தம்முள்ளும் சேர்த்தால், இருபக்கத்திலும் மறைந்திருந்த ஒரே குறை குட்டியில் ஒன்றுகூடி வெளிப்பட்டுவிடும். சாதி தூயதாய் இருக்கும். குட்டி நோயுடையதாய் இருக்கும். எனவே பத்திரத்தைப் பெருமைக்காக வாசிப்பதிலும், ஒரே பெயர் இருபக்கத்திலும் வருகின்றதா எனத் தேடுவதற்காக வாசித்தல் நன்று. பாட்டன் வரிசைக்குள் ஒரே பெயர் இருமுறை வருமாயின் வேறு கடுவனைத் தேடுதல் வேண்டும்.

அல்சேசன், லப்றடோர் போன்ற பெரிய நாய்களில் இடுப்புப் பொருத்துத் தளர்ச்சி வழிவழியாக வருவது. தொடையெலும்பின் உருண்ட தலை, இடுப்புக் குழியிற் செவ்வனே பொருந்தாமையே இதன் காரணம். இளமையில் ஒன்றும் தோன்றாது. பின்பு எழும்பும்போது வருந்துதல், ஓடும்போது முயலைப்போலப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்தல் ஆகியன காணப்படும். கண்ணாற் பார்த்து இதனை உறுதிசெய்தல் இயலாது. ஒரு வயது நிரம்பியபின் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்து மிருக வைத்தியரிடம் காட்டுதலே வழி. கடுவனின் சொந்தக்காரரிடமும் அத்தகைய படத்தைக் கேட்டல் வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவாகாது. கடுவனின் விதைகள் இரண்டும் கீழிறங்கியுள்ளனவா என்பதையும் பார்க்க. ஒன்று வயிற்றினுள்ளே தங்கிய கடுவனை இனவிருத்திக்கு உபயோகித்தலாகாது, அக்குறையும் வழிவருவதே. காரணமின்றிக் கடிக்கும் நாயையும், வெடிச் சத்தத்துக்கு ஒளித்தோடும் நாயையும் விலக்குதல் வேண்டும். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் குணம் கெட்ட நாய்க்கு இடமில்லை.

வேட்கைக்காலம்

பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு முதல் எட்டு மாதத்துக்கொருமுறை வேட்கை கொள்ளும். முதல் வேட்கையிற் சேர்த்தல் தவறு. அப்போது அது தானே வளர்ச்சி முற்றாத குட்டியாகும். பெரிய சாதிகளில் இரண்டு வயது நிரம்பும்வரை பொறுத்தல் நன்று. உதிரம் தோன்றிய முதல் நாளை நாட்காட்டியிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். பெரும்பாலும் ஒன்பதாம் நாளளவில் உதிரம் வெளிறி, பெட்டை வாலை ஒருபக்கம் ஒதுக்கி நிற்கும். பத்தாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை சேர்த்தற்கு ஏற்ற காலம். ஒருநாள் விட்டு ஒருநாள் இருமுறை சேர்த்தல் வழக்கம். கடுவனும் பெட்டையும் கால் மணி, அரை மணி நேரம் பிணைந்து நிற்பது இயல்பு. அப்போது தண்ணீர் ஊற்றியோ தடியால் அடித்தோ பிரிக்க முயன்றால் இரண்டும் காயமடையும்.

மூன்று கிழமைக்குக் குறையாது பெட்டையை அடைத்து வைத்தல் வேண்டும். வேலிப் பொட்டால் ஊர்க் கடுவன் நுழைவதற்கு ஐந்து நிமிடம் போதும். நல்ல கடுவனோடு சேர்த்த பின்னரும் இக்காவலைத் தளர்த்தலாகாது. ஒரே ஈற்றில் இரு தந்தையரின் குட்டிகள் பிறத்தல் கூடும். ஊர்க் கடுவன் ஒருமுறை சேர்ந்துவிட்டால் அப்பெட்டையின் பின்னைய ஈற்றுக்களும் கெட்டுவிடும் எனச் சொல்வோர் உளர். அது பொய். ஓர் ஈற்றின் தந்தை அடுத்த ஈற்றை எவ்வாற்றானும் பாதிப்பதில்லை. இத்தவறான எண்ணத்தால் நல்ல பெட்டைகளைத் தெருவில் விட்டுவிடுதல் கொடுமையாகும்.

சினையும் ஈற்றும்

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். முதல் ஐந்து கிழமை வழக்கமான உணவு போதும். பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு வேளையில் அதிகம் கொடாது பல வேளையாகப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும். வெறுஞ் சோறும் குழம்பும் சினை நாய்க்குப் போதா. மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றுள் ஒன்று நாள்தோறும் வேண்டும். சினையாயிருக்கையிற் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைத் தாமாகவே வாங்கிக் கொடுப்போர், நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்கின்றனர். வெளியிலிருந்து மிகுதியாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து அச்சத்தை எடுத்துப் பாலுக்கு வழங்கும் ஆற்றல் உடலிற் குன்றிவிடும். அதன் விளைவு ஈன்றபின் தோன்றும்.

ஈனுவதற்கு ஒரு கிழமை முன்னரே, காற்றோட்டமும் ஒதுக்கமும் உள்ள மூலையில் மரப்பெட்டி ஒன்றை அமைத்துப் பழந்துணி விரித்துப் பழக்குக. காலையும் மாலையும் வெப்பமானியால் நாயின் வெப்பநிலையை அளத்தல் நன்று. வழக்கமாக 101 அல்லது 102 பாகை பரனைற்றாக உள்ளது 99 பாகைக்குக் கீழ் இறங்குமாயின், பெரும்பாலும் 24 மணித்தியாலத்துள் ஈற்று நிகழும். நாய் தானே ஈனவல்லது. வேடிக்கை பார்க்கும் கூட்டமே அதற்கு இடைஞ்சல். ஆயினும் அரை மணி நேரம் வலுவாக முக்கியும் குட்டி வெளிவராவிடினும், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்குமிடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேற் செல்லினும், குட்டி எதுவும் வருமுன் கரும்பச்சை நீர் வடியினும், விடியட்டும் என்று காத்திராது மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். இவ்வேளையிற் போகும் ஓரிரவு தாயின் உயிரைக் கொண்டுபோகும். ஒவ்வொரு குட்டிக்கும் ஓர் இளங்கொடி உண்டு, எண்ணிக்கொள்க. குட்டிகள் முதல் நாளிலேயே கடும்புப் பால் குடித்தல் இன்றியமையாதது. குளிர்ந்து சோர்ந்த குட்டிக்குப் பால் புகட்டலாகாது. அதன் குடல் அப்போது வேலை செய்யாது. முதலில் மடியில் வைத்துச் சூடேற்றுக. பின்னர் முலையில் விடுக.

ஈன்ற இரண்டாம், மூன்றாம் கிழமைகளில், குட்டிகள் கொழுத்துப் பாலை இழுக்கும் வேளையில், தாய் அமைதியின்றி அலைந்து, மூச்சிரைத்து, கால் விறைத்து நடுங்குமாயின் அது பாற்சன்னி ஆகும். குருதியிற் சுண்ணாம்புச் சத்துத் திடீரெனக் குறைவதே காரணம். விசர் பிடித்துவிட்டது எனப் பயந்து நாயைக் கட்டிவிட்டு விலகி நிற்போரும் உளர். குட்டிகளை உடனே பிரித்துத் தாயை வைத்தியரிடம் கொண்டுசெல்க. நாளத்தில் ஏற்றும் ஊசி மருந்தால் அது விரைவில் தேறும். தாமதித்தால் சில மணித்தியாலத்தில் இறக்கும்.

குட்டிகளைக் காத்தல்

பத்து முதல் பதினான்கு நாளிற் குட்டிகள் கண் திறக்கும். நான்காம் கிழமையளவிற் குழைத்த உணவை நக்கப் பழக்கலாம். வட்டப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டியை அடையும். கொளுக்கிப்புழு பால் வழியாகவும் வரும். ஆதலால் இரண்டாம் கிழமை தொடங்கி எட்டாம் கிழமை வரை, இரண்டு கிழமைக்கொருமுறை நிறைக்கேற்பப் புழு மருந்து கொடுத்தல் வேண்டும். இப்புழுக்களின் முட்டைகள் முற்றத்து மண்ணில் தங்கிப் பிள்ளைகளையும் தொற்றும். நாய்ப் பீயை நாள்தோறும் எடுத்துப் புதைத்தல் நாய்க்கு மாத்திரமன்றி வீட்டாருக்கும் காப்பாகும். மரக்கறிப் பாத்திக்கு அதனைப் பசளையாக இடுதல் கூடாது.

ஆறு முதல் எட்டாம் கிழமைக்குள் முதலாவது தடுப்பூசி போடப்பட்டு, பதினாறாம் கிழமை வரை மூன்று நான்கு கிழமை இடைவெளியில் தொடரப்படல் வேண்டும். இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரசு குட்டிகளை ஈற்றோடு அழிப்பது. அது 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய நோய். மண்ணிற் பல மாதம் அழியாது கிடக்கும். அந்நோயால் ஒரு குட்டி இறந்த முற்றத்தில் ஓராண்டு செல்லுமுன் ஊசி முற்றுப்பெறாத குட்டியைக் கொண்டுவரலாகாது. எலிக்காய்ச்சற் கிருமி நாயையும் தாக்கி அதன் சிறுநீருடன் வெளிப்படும். சேற்றில் வெறுங்காலுடன் நிற்கும் வயற்காரர் இதற்குரிய தடுப்பூசியையும் கேட்டுப் போடுவித்தல் நன்று.

விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி எல்லாவற்றிலும் முதன்மையானது. விலை உயர்ந்த நாய்க்கு விசர் வராது என்பது வீண் எண்ணம். உரிய வயதில் முதல் ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் வேண்டும். 1901ஆம் ஆண்டின் நாய்களைப் பதிவுசெய்தற் கட்டளைச்சட்டத்தின்படி நாயை ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்திற் பதிதலும் சொந்தக்காரரின் கடமையாகும். நாயோ பூனையோ கடித்தாலும், பல் கீறினாலும், அவ்விடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. நோய்க்குறி தோன்றியபின் எம்மருந்தும் பயன்படுவது அரிது.

தோட்ட வீட்டிற் சில பொருட்கள் நாய்க்கு நஞ்சாகும். வெங்காயம், பச்சையாயினும் சமைத்ததாயினும், நாயின் செங்குருதிக் கலங்களை அழிப்பது. வெங்காயக் குழம்பு கலந்த எச்சிற் சோற்றை நாளும் உண்ட நாய் மெல்ல வெளிறிச் சோர்வதைப் பலர் புழுவெனக் கருதுகின்றனர். முந்திரிகைப் பழம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வரம்பில் வைத்த எலி மருந்தும், கழுவாத மருந்துத் தெளிகருவியும் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சமைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்றலாகாது. உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடியே குட்டி தன் பல்லின் வலிமையை அடக்கக் கற்கின்றது. அல்சேசன் ஈற்றில் எட்டுக் குட்டி பிறத்தல் அரிதன்று. எட்டுக்கும் உணவு, மருந்து, ஊசி என்பவற்றின் செலவைக் கூட்டி, வாங்குவோர் யாவர் என்பதையும் முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கணக்குச் சரிவராவிடின் பெட்டைக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்துக் காவலுக்கு வைத்திருத்தலே மேல். அது காவலிற் சற்றும் குறையாது.

கண்காட்சி

கொழும்பு, கண்டி போன்ற நகரங்களில் நடைபெறும் நாய்க் கண்காட்சிகளுக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர், பதிவு பெற்ற நாயையே கொண்டுசெல்லலாம். அங்கு நாய்கள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுவதிலும், அவ்வச் சாதிக்கு எழுதப்பட்ட இலக்கணத்தோடு ஒப்பிடப்படுவதே முக்கியமாகும். நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு. கயிற்றைத் தளரவிட்டு நடத்தி நடையைப் பார்ப்பார். அயலார் கைபட்டால் உறுமாதிருக்க இரண்டு மூன்று மாதம் முன்னரே வீட்டாரல்லாதோரைக் கொண்டு தடவிப் பழக்குக. நாள் முழுதும் சங்கிலியிற் கிடந்த நாய் அங்கு நடக்கமாட்டாது. முதல்நாட் காலையில் முழுக்காட்டி, நன்கு உலர்த்தி, சீப்பினால் வாருதல் போதுமானது. வெப்பத்துக்கு இதமாகும் என எண்ணி அல்சேசனின் உரோமத்தை மழித்துவிடலாகாது. காதினுள்ளும் விரலிடையிலும் உண்ணி உளதா எனப் பார்க்க. உண்ணி வழியாக வரும் காய்ச்சல் இந்நாட்டில் நாய்களை வருத்தும் கொடிய நோய்களுள் ஒன்று.

பல ஊர் நாய்கள் கூடும் இடத்திலிருந்து மீண்ட நாயைப் பத்து நாளாயினும் வீட்டுக் குட்டிகளுக்குப் புறம்பாகக் கட்டி, அதற்கு வேறு சட்டியில் உணவு வைத்து, அதனைத் தொட்டவர் கை கழுவிய பின்னரே குட்டிகளிடம் செல்லுதல் வேண்டும்.