கரகரப்பிலும் நாதம் உண்டு!

பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் குண்டம் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோயிலை நெருங்கும் முன்பே பாட்டு காதுக்கு எட்டிவிடும். கொங்கு நாட்டில் அதற்கு "ரேடியோ செட்" என்று பெயர். ரேடியோ செட் கட்டாத திருவிழாவை இந்தப் பக்கத்து மக்கள் திருவிழா என்றே ஒப்ப மாட்டார்கள்.

ரேடியோ செட்காரருக்கு ஒரு பயம் உண்டு. சத்தத்தை அளவுக்கு மேல் கூட்டினால் ஒலி கிழியும். காணாமல் போன குழந்தை மேடைக்கு அருகே இருப்பதாகச் சொன்னால்கூட, கூட்டத்தில் தேடி அலையும் தாய்க்குச் சொல் புரியாது. ஆகவே அவருக்குக் கரகரப்பு ஒரு குற்றம்.

ஆனால் அதே கரகரப்பைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்! அவர்கள்தான் மின்சாரக் கிடார் வாசிப்பவர்கள்.

சீவப்பட்ட மலை

ஒலியைப் படமாக வரைந்தால் மலையும் பள்ளமுமாக இருக்கும். கிடாரிலிருந்து வரும் மின்சார அலை மிகச் சிறியது. அதைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபையர். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால், மலை உச்சியை அரிவாளால் சீவியது போல அலை தட்டையாகிவிடும். அப்போது வாசித்த சுரத்தோடு, வாசிக்காத மேல் சுரங்களும் சேர்ந்து பிறக்கும். அதுதான் கரகரப்பு.

லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் வாத்தியக் கடை வைத்திருந்தார். அவர் ஒரு டிரம் வாத்தியக்காரர். 1962-ல் அவர் கடையில் ஆம்ப்ளிஃபையர் செய்யத் தொடங்கினார்கள். வால்வுகள் திணறும் அளவுக்கு வாலிபர்கள் அதைத் திருகினார்கள். திணறலே அவர்களுக்குப் பிடித்துவிட்டது. 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கிழித்துவிட்டு வாசித்தார்! 1964-ல் வந்த அந்தப் பாட்டு இங்கிலாந்தில் முதல் இடம் பிடித்தது.

இதைக் கேட்டு நாம் சிரிக்க வேண்டியதில்லை. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே சிறு நூல் வைக்கிறோமே, எதற்கு? தந்தி ரீங்காரம் இட வேண்டும் என்பதற்காகத்தானே! உருமியின் உறுமலும் பாலாக வழியும் ஒலி அல்ல.

அப்படியானால் நல்ல கரகரப்பு எது, கெட்ட கரகரப்பு எது? இது வீண் கேள்வி அல்ல. மஞ்சள் விற்ற பணத்தில் மகனுக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கக் கோவைக்குப் போகும் தகப்பனாருக்கு இது பணப் பிரச்னை.

காது ஏமாறும்

கடையில் இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றி வாசித்துக் காட்டுவார்கள். எது சற்று உரக்கக் கேட்கிறதோ, அதுவே உயர்ந்தது என்று தோன்றும். இது காதின் குணம். சத்தம் குறைந்தால் பாஸும் ட்ரெபிளும் காதுக்கு மங்கிவிடும். சத்தம் கூடினால் இரண்டும் எழும்பும். அமெரிக்காவில் ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே இரண்டு பெட்டிகளின் சத்தத்தையும் முதலில் சமப்படுத்தச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பிறகு ஒரே தந்தியை மீட்டச் சொல்லுங்கள். அடுத்து 'ச'வும் 'ப'வும் சேர்ந்து ஒலிக்கட்டும். இவை இரண்டும் 2-க்கு 3 என்ற கணக்கில் அதிர்பவை. கரகரப்பில் இவற்றுக்கிடையே பிறக்கும் உபரி ஒலி, கீழ் ஸ்தாயி 'ச'வாகவே விழும். அதனால் இரண்டும் இழையும். முரட்டு கிடார்காரர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு சுரங்களோடு நிற்பதற்குக் காரணம் இதுதான். இப்போது 'க'வையும் சேர்க்கச் சொல்லுங்கள். சுமாரான பெட்டியில் மூன்றும் கூழாகிவிடும். நல்ல பெட்டியில் ஓரளவாவது தனித்தனியாகக் கேட்கும்.

தந்தியைச் சட்டென்று கையால் அடக்கட்டும். ஒலி கத்தரித்தாற்போல் நிற்கிறதா? அல்லது 'உஸ்' என்று சீறிக்கொண்டே இருக்கிறதா? தந்தியின் ஒலியைப் பெருக்கும் கருவி, இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். கொஞ்சம் சீறலை மன்னிக்கலாம். அது பாட்டையே விழுங்கினால் வேண்டாம்.

இன்னொன்று. நிற்கும் இடம்! ஸ்பீக்கர் தரையில் இருக்கிறது. வாசிப்பவன் காது ஆள் உயரத்தில் இருக்கிறது. ட்ரெபிள் ஒலி டார்ச் விளக்கு வெளிச்சம் போல நேராகப் போவது. அவனுக்கு மங்கலாகக் கேட்கும். முன் வரிசைக்காரருக்கோ ஊசி குத்தும். ஸ்பீக்கருக்கு எதிரே பத்தடி தள்ளி உட்கார்ந்து, காதைத் தாழ்த்திக் கேட்க வேண்டும்.

வீட்டில் தனியே வாசிக்கும்போது பாஸைத் தூக்கி, நடு ஒலியைக் குறைத்தால் பிரமாதமாக இருக்கும். ஆனால் டிரம்மும் பாஸ் கிடாரும் சேர்ந்தால் அந்தக் கிடாரைத் தேடினாலும் கிடைக்காது. நடு ஒலிதான் கூட்டத்தில் முகம் காட்டும். என்னைக் கேட்டால், நடு ஒலியைத் திருகும் குமிழ் சரியாக வேலை செய்யாத பெட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

கடைசியாகக் காதைப் பற்றி ஒரு சொல். 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் நல நிபுணர்கள் வகுத்த கணக்கு. 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்! கிடார் பெட்டியின் முன் 100 டெசிபல் பெரிய விஷயமே அல்ல. உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அரை மணி கேட்டபின் காதில் 'ஙொய்' என்று ஒலித்தால், அன்றைய சோதனையை அதோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். பெட்டியை மறுநாள் வந்து கேட்கலாம்.