கார் வர்ணத்திற்கு மெருகூட்டும் யந்திரம்: சிக்கன விலையில் எதை வாங்குவது?

இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிய மோட்டார் காரை வெயிலில் நிறுத்தி, அதன் முன்மூடியில் சூரியனின் பிம்பம் விழும் இடத்தை உற்று நோக்கினால், சிலந்தி வலை போன்ற மெல்லிய வட்டக் கோடுகள் புலப்படும். உண்மையில் அவை வட்டங்கள் அல்ல. துடைக்கும் துணியில் ஒட்டிய மணற்பொடி பல திசைகளிலும் தாறுமாறாக இட்ட கீறல்களே அவை. ஒளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டுமே நம் கண்ணை நோக்கி ஒளியைத் திருப்புவதால், பிம்பத்தைச் சுற்றி அவை வளையமாக அடுக்கப்பட்டவை போலத் தோன்றுகின்றன. பலகாலம் தேய்த்துத் துலக்கிய எவர்சில்வர் தட்டிலும் இதே காட்சியை ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் காட்டலாம்.

இக்கீறல்களை நீக்க யந்திரம் வாங்க விரும்புவோர் முதலில் அறியவேண்டுவது யந்திரத்தைப் பற்றியன்று, வர்ணத்தின் கனத்தைப் பற்றியே. இக்காலத்துக் கார்களில் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு ஆகியவற்றின் மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று இடப்படுகிறது. அனைத்தும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். அதில் தெளிபூச்சின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. மெருகூட்டுதல் என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் குறைப்பதேயாகும். தேய்ந்தது மீண்டும் வளராது. புறஊதாக் கதிர்களைத் தடுப்பது தெளிபூச்சே. அது அழிந்தால் கீழுள்ள நிறம் வெளுத்துக் கெடும். பிறகு அப்பகுதி முழுவதற்கும் புதிதாக வர்ணம் அடிப்பதன்றி வேறு பரிகாரம் இல்லை. விரல் நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலை மெருகால் போக்க முயல்வதும் இக்காரணத்தால் ஆபத்தானதே. மிகப் பழைய வண்டிகளில் தெளிபூச்சு இராது. தேய்க்கும் பஞ்சில் காரின் நிறம் ஏறுவதைக் கொண்டு இதனை அறியலாம்.

கடைகளில் விலை குறைவாகக் கிடைப்பவற்றுள் சில இவ்வேலைக்கே உரியன அல்ல. இரும்பு அறுக்கும் கோணச் சாணை யந்திரத்தில் பஞ்சுத் தட்டைப் பொருத்திக்கொள்ளலாம் என்று சொல்வோர் உண்டு. அது நிமிஷத்திற்குச் சுமார் 11,000 சுற்றுகள் சுழல்வது. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டு அவ்வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு வினாடிக்கு 86 மீட்டர் ஓடும். வர்ணம் நொடியில் கருகிவிடும். தட்டே சிதறினால் உயிருக்கும் தீங்கு. பெரிய துணிக்குல்லாய் மாட்டி இரு கைகளாலும் பிடிக்கும் மலிவான மற்றொரு வகை, மெழுகைப் பரப்ப உதவுமேயன்றிக் கீறலைப் போக்காது. பார்வைக்குப் பெரிதாயிருப்பதால் ஏமாறுவோர் பலர்.

எஞ்சுவன இரண்டு வகைகள். ஒற்றை அச்சில் சுழலும் யந்திரம் தொழிற்கூடங்களில் காணப்படுவது. நிமிஷத்திற்கு 1,500 சுற்றில் 150 மில்லிமீட்டர் தட்டின் விளிம்பு வினாடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் தேய்க்கிறது, நடுப்புள்ளியோ அசைவதில்லை. உராய்வு ஒரே இடத்தில் குவிவதால் வெப்பம் மிகும். தேர்ந்த கையில் இதுவே விரைந்து வேலை செய்யும். பழகாத கையில் மூலைகளிலும் மடிப்பு விளிம்புகளிலும் வர்ணத்தைத் தின்றுவிடும். அவ்விடங்களில்தான் பூச்சு மெல்லியதாக இருக்கிறது.

மற்றது இரட்டை இயக்க யந்திரம். இதன் தட்டு, அச்சிலிருந்து சற்று விலகி, 8 அல்லது 15 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு வட்டமாக ஊசலாடுவதோடு தானாகவும் மெல்லச் சுழலும். 8 மில்லிமீட்டர் வட்டத்தில் நிமிஷத்திற்கு 4,000 முறை ஊசலாடினால், அந்த ஊசலால் தட்டின் ஒவ்வொரு புள்ளியும் வினாடிக்கு 1.7 மீட்டரே நகர்கிறது. வெப்பம் பரவலாகிறது. அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். ஊசல் மட்டும் தொடரும். வேலை மெதுவாக நடக்கும் என்பது குறையே. ஆயினும் தேய்ந்தால் திரும்பாத பொருளில் மெதுவாக நடப்பதே நன்மை என்பது எமது கருத்து.

எனவே முதன்முறை வாங்குவோர் 125 மில்லிமீட்டர் தட்டும் 8 மில்லிமீட்டர் ஊசலும் உடைய இரட்டை இயக்க யந்திரத்தைத் தேர்வது தகும். பெரிய ஊசலுள்ளவை அகன்ற சமதளத்தில் விரைவானவை. வளைவு மிகுந்த சிறு கார்களில் தட்டு அடிக்கடி நின்றுபோகும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கட்டாயம் வேண்டும். மாற்றுத் தட்டு உள்ளூரில் கிடைக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்க. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 110 வோல்ட் யந்திரத்தை நம் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே இணைத்தால் அது எரிந்துபோகும். யந்திரத்தில் மிச்சம் பிடித்த பணத்தை நான்கைந்து நுரைப்பஞ்சுகளுக்குச் செலவிடலாம். ஒரே பஞ்சால் கார் முழுவதையும் தேய்ப்பது வீண் சிக்கனம். இரண்டாண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் பொருளாதலால், ஒரே அலுவலகத்தில் பணிபுரிவோர் சேர்ந்து ஒன்றை வாங்கினும் போதும்.

வேலை தொடங்குமுன் காரை நன்கு கழுவி மணலை அகற்றி, நிழலில் ஆறவிட வேண்டும். தட்டின் விளிம்பில் மையால் ஒரு கோடு இட்டுக்கொண்டால், தட்டு சுழல்கிறதா நின்றுவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். மென்மையான பஞ்சையும் நுண்ணிய மெருகுப் பசையையும் கொண்டு, ஒரு சாண் சதுர இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்க. கீறல் போகாவிடில் மட்டுமே சற்று முரடானதை நாடுக. முடிந்ததும் பஞ்சுகளை வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுக் கசக்கி, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். கீழே விழுந்து மண் ஒட்டிய பஞ்சை மீண்டும் காரில் வைக்கலாகாது.